பழுது நீங்கிய கருவி மெய் சொல்லுமா?

1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விபத்து நேர்ந்தது. தென்னிந்தியாவை முக்கோண முறையில் அளந்து வந்த வில்லியம் லாம்ப்டன், காவிரிச் சமவெளியில் அடர்ந்து நின்ற மரங்களுக்கு மேலாக நெடுந்தொலைவு நோக்க வேண்டித் தம்முடைய பெரிய தியோடலைட்டைக் கோயிலின் உயரத்திற்கு ஏற்றச் செய்தார். கோணங்களை அளக்கும் அக்கருவி லண்டனில் கேரி என்பவரால் செய்யப்பட்டது. எடை ஏறத்தாழ அரை டன். கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். இந்தியாவுக்கு வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் அகப்பட்டு, மோரீசுத் தீவுக்குச் சென்று, பின் பெருந்தன்மையோடு சென்னைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட கருவி அது. கடலில் தப்பிய கருவி கோயிலில் தப்பவில்லை. தூக்கிய கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிற்று. வட்டம் கோணியது, ஆரக்கால்கள் வளைந்தன.

இத்தகைய கருவியைச் செப்பனிடத்தக்க பட்டறை அந்நாளில் இந்நாட்டில் இல்லை. இங்கிலாந்துக்கு அனுப்பினால் ஆண்டுகள் கழியும். லாம்ப்டன் கருவியுடன் கூடாரத்துள் அமர்ந்தார். பெரிய சமதளப் பலகை ஒன்றில் வட்டத்தின் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, கோணிய விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அதற்குப் பொருந்தச் செய்தார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்தியல்களால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆயிற்று. அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்டு இச்செய்தியை எழுதி வைத்திருக்கிறார். வட்டம் தன் பழைய வடிவை ‘ஏறத்தாழ’ அடைந்தது என்பதே அவர் கூற்று.

இந்த ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லில் கருவிப் பட்டறைத் தொழிலின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. முறிந்த கருவியை மீண்டும் இயங்கச் செய்வதற்குக் கைத்திறன் வேண்டும். இயங்குகின்ற அக்கருவி எவ்வளவு பிழையோடு இயங்குகிறது என்று கண்டு சொல்வதற்கு அளவைத் திறன் வேண்டும். எவரெஸ்டு அவ்வட்டத்தை ஒரே நிலையில் வைத்து நம்பிவிடவில்லை. அதைப் பல நிலைகளுக்குத் திருப்பி, ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளால் அளந்து, சராசரி கண்டார். ஒரு பகுதியின் கோணல் மிகையாகக் காட்டுமிடத்து மற்றொரு பகுதியின் கோணல் குறைவாகக் காட்டும். சராசரியில் பிழை பெரிதும் கரைந்துவிடும்.

லாம்ப்டனுக்கு இருந்த குறை நாளடைவில் நீங்கியது. 1830இல் ஹென்றி பாரோ என்னும் கருவி வினைஞர் கல்கத்தாவில் பணியேற்றார். பெரிய தியோடலைட்டு அவர் கையில் புதுப்பிக்கப்பட்டது. அவரிடம் பணிபுரிந்த சையது மீர் மோசின் உசேன் ஆர்க்காட்டைச் சேர்ந்தவர். 1843இல் நில அளவைத் துறையின் கருவி வினைஞர் பதவிக்கே உயர்ந்தார். அந்தக் கல்கத்தாப் பட்டறையின் வழியில் வந்த தொழிற்சாலை 1957இல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் அரசாங்கக் கம்பெனியாயிற்று. மத்திய விஞ்ஞானக் கருவிகள் நிறுவனம் 1959இல் டில்லியில் தோன்றி, 1962இல் சண்டிகருக்குச் சென்றது. கருவித் தொழிலுக்கு இளைஞர்களைப் பயிற்றும் இந்திய-சுவிஸ் பயிற்சி நிலையம் அங்கே 1963இல் தொடங்கப்பெற்றது.

திறப்பதற்கு முன் அளத்தல்

கருவி ஒன்று பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் என்ன செய்யப்படுகிறது? மூடியைக் கழற்றிப் பார்ப்பார்கள் என்றே பலரும் எண்ணுவர். நல்ல பட்டறையில் அது முதல் வேலையன்று. கருவி எந்நிலையில் வந்ததோ அந்நிலையிலேயே, ஒரு திருகாணியையும் தொடாமல், அது காட்டும் அளவு நியமக் கருவி ஒன்றோடு ஒப்பிட்டுக் குறித்துக் கொள்ளப்படுகிறது. இதற்கு ‘வந்த நிலை அளவு’ என்று பெயரிடலாம். வேலை முடிந்தபின் எடுக்கப்படுவது ‘சென்ற நிலை அளவு’.

இரண்டாவது அளவின் தேவை எவருக்கும் விளங்கும். முதல் அளவின் தேவை எளிதில் விளங்குவதில்லை. சீர்செய்யப்படப்போகும் கருவியின் பழைய பிழையை அறிந்து ஆவது என்ன என்ற கேள்வி எழலாம். இதற்கு விடை இரத்த அழுத்தமானியில் இருக்கிறது.

ஊசியுள்ள அழுத்தமானி ஒன்று ஒரு சுகாதார நிலையத்தில் மூன்று ஆண்டுகள் பயன்பட்டதென்று கொள்வோம். ரப்பர்க் குழாய் கசிகின்றது என்ற குறையோடு அது பட்டறைக்கு வருகின்றது. குழாயை மாற்றுவது சில நிமிட வேலை. ஆனால் வந்த நிலையில் அளந்து பார்த்தபோது, 150 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் அதன் ஊசி 138இல் நிற்கின்றது. உட்பட்டிருக்கும் மெல்லிய உலோகப் பெட்டி தளர்ந்துவிட்டது. இப்போது இக்குறையைத் திருத்திவிடலாம். ஆயினும் அந்த மானியால் அளக்கப்பட்டு, 140க்குக் கீழே இருப்பதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட மனிதர்கள் யாவர்? அவர்களுள் சிலருக்கு உண்மையான அழுத்தம் 140ஐத் தாண்டியிருக்கலாம். வந்த நிலை அளவை எடுக்காமல் கருவியைத் திறந்திருந்தால், இக்கேள்வியை எழுப்புவதற்குக்கூடச் சான்று எஞ்சியிராது.

முற்றிலும் கெட்டுப்போன கருவி யாரையும் ஏமாற்றுவதில்லை. அதை மூலையில் வைத்துவிடுவார்கள். தாழ்வாகவோ உயர்வாகவோ நாள்தோறும் தயங்காமல் பதில் சொல்லும் கருவியே தீங்கு விளைப்பது. அழுத்தமானியில் இது மிக எளிதாக நிகழும். ஊசி சுழியில் வந்து நிற்கின்றது என்பதைக் கண்டு களப்பணியாளர் நிறைவு கொள்வது வழக்கம். சுழியில் சரியாயிருக்கும் மானி 150இல் தவறலாம். மேலும் சில மானிகளில் சுழியருகே ஊசியைத் தடுத்து நிறுத்தும் சிறு முளை இருக்கும். கீழ்நோக்கி விலகிய ஊசி அம்முளைமேல் சாய்ந்து, நலமாய் இருப்பதுபோலத் தோற்றமளிக்கும்.

பட்டறையில் இதைச் சோதிக்கும் முறை எளியது. கவை போன்ற குழாயின் ஒரு கிளையில் நியம அழுத்தமானியும் மற்றொரு கிளையில் சோதிக்கப்படும் மானியும் பொருத்தப்படுகின்றன. அடியில் காற்று செலுத்தும் குமிழ். இரண்டிலும் ஒரே அழுத்தமே இருக்க முடியும். சுழியிலிருந்து 300 மில்லிமீட்டர் வரை படிப்படியாக ஏற்றியும், பின் இறக்கியும், இரு மானிகளும் காட்டுவதை எழுதிக்கொள்ள வேண்டும். சர்வதேச அளவை நெறிகள் பொறுக்கும் வேற்றுமை 3 மில்லிமீட்டர். அடுத்து, காற்றை அடைத்து வைத்துக் கசிவு பார்க்கப்படுகின்றது. ஒரு நிமிடத்திற்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் இறங்குதல் கூடாது. நம்பகமான இரண்டாவது மானியும் ஒரு கவைக்குழாயும் உள்ள மாவட்ட மருத்துவமனையில் இச்சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்து பார்ப்பது கடினமன்று. திருத்தும் வேலை மட்டும் பட்டறைக்கு உரியது.

பாதரச மானிகளைப் பற்றி ஒரு சொல். இவற்றின் பிழை பெரும்பாலும் வெளிப்படையானது: சுழியில் பாதரசம் குறைந்திருக்கும், அல்லது கண்ணாடிக் குழாய் கறுத்திருக்கும், அல்லது குழாயின் உச்சியிலுள்ள தோல் வடிகட்டி அடைபட்டுப் பாதரசம் சோம்பலாக இறங்கும். பாதரசத்தால் சுற்றுப்புறத்துக்கும் மக்களுக்கும் விளையும் கேட்டை ஒழிக்க 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்று உறுதி செய்தது. ஆகவே இம்மானிகள் விடைபெற்று வருகின்றன. எஞ்சியவற்றைக் களத்தில் திறந்து பாதரசம் ஊற்ற முற்படலாகாது. அதன் ஆவி நஞ்சு. பாதரசம் உள்ள கருவியை அஞ்சலில் அனுப்புவதும் தகாது.

நுண்பெருக்கியின் கண்ணில் விழும் திரை

பட்டறைகளுக்கு வரும் கருவிகளில் மைக்ராஸ்கோப் என்னும் நுண்பெருக்கிக்குத் தனியிடம் உண்டு. மலேரியாவை எதிர்த்து 1953இல் தொடங்கிய நாடு தழுவிய திட்டமும், 1962இல் தொடங்கிய காசநோய்த் திட்டமும் இக்கருவியைச் சிற்றூர்களின் எல்லை வரை கொண்டு சென்றன. ஈரம் மிகுந்த கடற்கரையிலும், புழுதி பறக்கும் மேட்டு நிலத்திலும், பல கைகளில் இது உழைக்கின்றது.

காசநோய்க் கிருமி ஒன்று முதல் நான்கு மைக்ரான் வரை நீளமுள்ளது. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளேனும் இருந்தால்தான் சாதாரணப் பூச்சில் நுண்பெருக்கியால் ஒன்றிரண்டைக் காண முடியும். நூறு காட்சிப் புலங்களைத் தேடியும் ஒன்றும் அகப்படாவிடின் ‘கிருமி இல்லை’ என்று எழுதப்படுகிறது. நூறு புலங்களில் ஒன்று முதல் ஒன்பது வரை காணப்பட்டால் ‘அரிது’ என்று குறிக்கப்படுகிறது. வில்லையில் மெல்லிய திரை படிந்திருந்தால் முதலில் மறைவன இந்த அரிய கிருமிகளே. மிகுதியாகக் கிருமி உள்ளவரின் பூச்சு திரைக்கு நடுவிலும் தெரிந்துவிடும். நோயின் தொடக்கத்தில் இருப்பவரோ ‘இல்லை’ என்ற சீட்டோடு இருமிக்கொண்டே வீடு திரும்புவார். ஆய்வாளரின் உழைப்பிலும் கண்ணிலும் குறை இராது.

திரை எதனால் உண்டாகின்றது? பெரும்பாலும் பூஞ்சணத்தால். காற்றில் எங்கும் உள்ள அதன் வித்துகள் வில்லையின்மீது விழுந்து, விரல் பட்ட கொழுப்பையும் தூசியையும் உண்டு, ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டும் நாட்களில் சிலந்தி நூல்போல் படர்கின்றன. அவை வெளிவிடும் அமிலம் வில்லையின் மேற்பூச்சையும், காலம் நீடித்தால் கண்ணாடியையுமே அரிக்கும். தொடக்கத்திலேயே கண்டால் பட்டறையில் துடைத்தெடுத்துவிடலாம். அரிப்பு ஏற்பட்டபின் பூஞ்சணம் போனாலும் தழும்பு போகாது. தழும்பைத் தேய்த்து நீக்கலாமே என்றால், வில்லையின் வளைவு ஒளி அலைநீளத்தின் ஒரு சிறு பின்னமே பிசகினாலும் உருவம் கெடும். ஆதலின் மாற்று வில்லை தேடுவதன்றி வேறு வழியில்லை. பொருளருகு வில்லைத் தொகுதி ஒன்றின் விலை கருவியின் விலையில் பெரும்பங்கு என்பதைக் கணக்குப் பார்க்கும் அலுவலர்கள் அறிவர்.

அழுக்கு எங்கே இருக்கின்றது என்று அறிவதற்கு எந்தக் கருவியும் வேண்டா. காட்சியில் ஒரு புள்ளி தெரிகின்றதென்றால் முதலில் கண்ணருகு வில்லையைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். புள்ளியும் சுழன்றால் அழுக்கு அவ்வில்லையில் உள்ளது. சுழலாவிடின் கண்ணாடித் தகட்டை நகர்த்துக. புள்ளி உடன் நகர்ந்தால் அது தகட்டைச் சார்ந்தது. இரண்டுமின்றிப் பொருளருகு வில்லையை மாற்றும்போது மட்டும் மறைந்தால் குறை அங்கே. கண்ணருகு வில்லையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் அதுவே நல்ல கைவில்லை ஆகிவிடும். பொருளருகு வில்லையின் முகத்தைச் சாய்ந்த ஒளியில் அதனால் நோக்கலாம். இதைப் பள்ளி மாணவர்களும் செய்வர். ஆனால் பொருளருகு வில்லைத் தொகுதியைக் குறடுகொண்டு திறப்பது களத்துக்குரிய வேலையன்று. அதனுள் பல வில்லைகள் நூலளவும் பிசகாத இடைவெளியில் நடுமையம் ஒத்து அடுக்கப்பட்டுள்ளன. மீண்டும் அவற்றை அந்நிலைக்குக் கொணரப் பட்டறையிலுள்ள சோதனை அமைப்பு வேண்டும்.

நூறு மடங்கு பெருக்கும் எண்ணெய் வில்லைக்கு மற்றோர் ஆபத்து உண்டு. அதன் முன்வில்லை கடுகளவே உள்ளது; தகட்டுக்கும் அதற்கும் இடையே வேலை செய்யும்போது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கே இடைவெளி. பக்கத்திலிருந்து பார்த்து வில்லையைத் தாழ்த்திய பின், கண்ணை வைத்து மேல்நோக்கி மட்டுமே குவியம் தேட வேண்டுமென்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. வேலை முடிந்ததும் எண்ணெயை வில்லைத்தாளால் ஒற்றியெடுத்தல் வேண்டும். தேய்த்தல் கூடாது. சிடார் எண்ணெய் ஓரிரவில் இறுகத் தொடங்கும். பின்னர் அதைக் கரைக்க வலிய திரவம் தேவைப்படும். வலிய திரவம் வில்லைகளை ஒட்டியுள்ள பசையையும் இளக்கும். கருவி செய்தவர் குறித்துள்ள திரவத்தைத் தாளில் ஒரு துளி இட்டுத் துடைப்பதே போதும்.

இயங்கு பகுதிகளைப் பொறுத்தவரை, பட்டறையினர் அதிகமாகக் காணும் கேடு அன்பினால் வருவது. குமிழ் இறுகிற்றென்று களத்தில் எவரோ தையல் இயந்திர எண்ணெயை ஊற்றியிருப்பார். அந்த எண்ணெய் பழைய கிரீஸோடும் புழுதியோடும் கலந்து, முதலில் வழுக்கி, பிறகு பசையாகி, ஈற்றில் அரமாகவே மாறிவிடும். மேடை தன் எடையாலேயே மெல்ல இறங்கத் தொடங்கினால், பலவகைக் கருவிகளில் அதை இறுக்குவதற்கென்றே ஒரு வளையம் இருக்கின்றது. கையேட்டைப் பார்த்து அதைத் திருகினால் போதும். அதற்கு மேற்பட்டவை பட்டறையில் கழற்றப்பட்டு, பழைய கிரீஸ் முழுதும் கழுவப்பட்டு, நழுவு தடங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பார்க்கப்பட்டு, தக்க கிரீஸ் மெல்லிதாகத் தடவப்படுகின்றன.

பூஞ்சணத்தைத் தடுக்கும் வழி மலிவானது. தோல் உறையும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையும் ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்துபவை. மரப்பெட்டியில் சிறு மின்விளக்கு ஒன்றை எரியவிட்டு உட்புறத்தைச் சற்றுச் சூடாக வைத்தால், அங்கே ஈரப்பதம் தாழும். மின்சாரம் இல்லாத இடத்தில், இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் வைக்கலாம். நீல நிறமுள்ள வகை ஈரத்தை உண்டபின் வெளிர்சிவப்பாகும். அடுப்பில் உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். உலர்த்தாமல் மாதக்கணக்கில் விடப்பட்ட சிலிக்கா ஜெல் பெட்டிக்கு அலங்காரமே அன்றிக் காவலாகாது.

வேலை முடிந்த நுண்பெருக்கி எவ்வாறு தேர்வு செய்யப்படுகிறது? ஒரு மில்லிமீட்டர் நூறு பங்காக வகுக்கப்பட்ட நுண்ணளவுத் தகட்டை மேடையில் வைத்து, கோடுகள் நடுவிலும் ஓரத்திலும் ஒருங்கே தெளிவாயுள்ளனவா என்று பார்க்கின்றனர். ஒரு பொருளருகு வில்லையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நடுவிலிருந்த கோடு காட்சிப் புலத்தை விட்டு ஓடக்கூடாது. இவற்றுக்குப் பின், கிருமிகள் அரிதாக உள்ளனவென்று முன்னரே நிச்சயிக்கப்பட்ட பூச்சு ஒன்றை வைத்துத் தேடிப் பார்ப்பது மிகவும் பயனுள்ள சோதனை. கருவி எதற்காக உள்ளதோ அதைச் செய்யவல்லதா என்பதை இது நேரே காட்டிவிடுகின்றது. மாவட்ட ஆய்வுக்கூடங்கள் இத்தகைய பூச்சு ஒன்றைத் தமக்கென வைத்திருப்பது நல்லது.

தராசு

கல்லூரி ஆய்வுக்கூடங்களிலிருந்து வரும் இரசாயனத் தராசின் உயிர்நிலை மூன்று கத்தி விளிம்புகளில் உள்ளது. நடுவில் ஒன்று துலாக்கோலைத் தாங்குகின்றது. இருமுனைகளில் உள்ளவை தட்டுகளைத் தாங்குகின்றன. அகேட்டுக் கல்லால் ஆன இவை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஒரே தளத்திலும் இருத்தல் வேண்டும். தராசைத் தாழிடாமல் எடைக்கல்லை வைப்பதும், தாழைப் பட்டென்று விடுவதும் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சில்லுகளை உடைக்கும். அதன்பின் ஊசியின் ஊசலாட்டம் விரைவில் அடங்கும். ஒரே எடைக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கும். மாணவர்களின் விடைகள் ஒத்துவராதபோது அவர்களைக் கடிந்துகொள்வதற்குமுன் விளிம்பைக் கைவில்லையால் நோக்குதல் நியாயமாகும்.

தராசின் இரு கரங்களும் சமநீளமா என்பதை ஆசிரியர் வகுப்பிலேயே சோதிக்கலாம். ஒரு பொருளை இடத்தட்டில் வைத்து எடை காண்க. பிறகு வலத்தட்டுக்கு மாற்றி எடை காண்க. முதலில் 50.000 கிராமும் அடுத்து 50.004 கிராமும் வந்தால், உண்மை எடை அவ்விரண்டின் பெருக்குத்தொகையின் வர்க்கமூலம். அதாவது நடைமுறையில் 50.002 கிராம். காஸ் என்ற கணித மேதையின் பெயரால் வழங்கும் இம்முறையில், கரங்கள் சமமல்லாத தராசிலிருந்தும் சரியான விடை பெறலாம். எவரெஸ்டு வட்டத்தைத் திருப்பியதும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உபாயங்கள்.

ஊசியின் பின்புறம் அல்லது துலாக்கோலின் மேல் உள்ள சிறு திருகுமரையை உயர்த்தினால் தராசு நுட்பமாகும் என்று படித்த உதவியாளர், அதை மேலும் மேலும் உயர்த்தும் ஆசைக்கு ஆளாவதுண்டு. புவியீர்ப்பு மையம் நடு விளிம்பை நெருங்க நெருங்க ஊசல் மெதுவாகும். விளிம்பைத் தாண்டிவிட்டால் தராசு ஒரு பக்கமாகக் கவிழ்ந்து எழவே மறுக்கும். இவ்வாறு ‘செத்துப்போன’ தராசுகள் பட்டறையில் ஒரு திருகலில் உயிர்பெற்று எழுவது உண்டு.

மின்னணுத் தராசுகள் பரவிய பின்னர் ஒரு புதிய பிழை தோன்றியுள்ளது. இவை பொருளின் நிறையை நேரே அளப்பதில்லை. அது கீழ்நோக்கி அழுத்தும் விசையை அளக்கின்றன. புவியீர்ப்பு முடுக்கம் டில்லியில் ஏறத்தாழ 9.791, சென்னையில் ஏறத்தாழ 9.783. ஆகவே டில்லிப் பட்டறையில் செம்மையாகத் திருத்தி அனுப்பப்பட்ட தராசு, சென்னையில் 100 கிராம் எடைக்கல்லை 80 மில்லிகிராமுக்கு மேல் குறைத்துக் காட்டும். கருவி பழுதன்று, பட்டறையும் பிழை செய்யவில்லை. தராசு இருக்கும் இடத்தில், மட்டம் பார்த்து அமர்த்திய பின், சரிபார்க்கப்பட்ட எடைக்கல்லைக்கொண்டு மறுபடி அளவு நிறுத்த வேண்டும் என்பதை மறந்ததே குறை. மேசையை மாற்றும்போதும் மட்டம் பார்த்தல் வேண்டும்.

திருகாணியும் நூலும்

பள்ளிகளிலிருந்து வரும் கால்வனோமீட்டர்களில் பல, தொடர்தடை இன்றி மின்கலத்தோடு நேரே இணைக்கப்பட்டவை. கம்பிச்சுருள் கருகியிருந்தால் புதிதாகச் சுற்ற வேண்டும். சுருள்வில் மட்டும் வளைந்திருந்தால் கைநடுங்காத ஒருவர் இடுக்கியால் நிமிர்த்திவிடுவார். இவ்வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திருகாணியைப் பற்றியோ ஓரளவு சொல்லியே ஆகவேண்டும்.

பழைய பிரிட்டிஷ் கருவிகளில் பி.ஏ. என்னும் வரிசைத் திருகாணிகள் உள்ளன. அவ்வரிசையின் சுழி எண் திருகாணிக்கு விட்டம் 6 மில்லிமீட்டர், புரியிடைவெளி 1 மில்லிமீட்டர். மெட்ரிக் முறையின் 6 மில்லிமீட்டர்த் திருகாணிக்கும் அதே விட்டம், அதே இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதன் புரிக்கோணம் 47½ பாகை. பின்னதன் கோணம் 60 பாகை. காணாமற்போன திருகாணிக்குப் பதிலாகக் கடைத்தெருவில் வாங்கிய மற்றொன்றைச் செலுத்தினால் அது சில சுற்றுகள் செல்லும், பிறகு இறுகும், மேலும் திருப்புளியை அழுத்தினால் பித்தளையிலுள்ள புரிகள் அழியும். இரண்டணாத் திருகாணியை மிச்சப்படுத்தக் கருவியின் உடலையே துளையிட்டுச் சீர்செய்ய நேர்கின்றது. காணாமற்போன திருகாணியின் இடத்தை வெறுமையாக விட்டு அனுப்புவது எவ்வளவோ மேல்.

அனுப்புவதும் பெறுவதும்

கருவியோடு வரும் கடிதத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்ற இரு சொற்களே பெரும்பாலும் காணப்படுகின்றன. கருவி எப்போது முதல், எந்த வேலையில், எவ்வாறு தவறிற்று, கீழே விழுந்ததா, யாரேனும் முன்னரே திறந்தனரா என்பவற்றை எழுதுவதால் எவர்மீதும் பழி வாராது, பட்டறையின் நாட்கள் மிச்சமாகும். தராசானால் தட்டுகளையும் துலாக்கோலையும் கழற்றித் தனித்தனியே பொதிந்து அனுப்ப வேண்டும். நோயாளியின் சளியோ இரத்தமோ பட்ட கருவியைக் கிருமி நீக்கி, நீக்கப்பட்டது என்று எழுதி அனுப்புதல் கட்டாயம். மையவிலக்கி ஒன்றின் உள்ளே உடைந்த குழாயோடு அப்படியே பொதி கட்டுவது, அதைத் திறக்கும் தொழிலாளியின் உடலுக்குக் கேடு செய்வதாகும்.

பட்டறையின் நியமக் கருவிகளை யார் சரிபார்ப்பது? அவை மேல்நிலை நியமங்களோடும், அவை டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் நியமங்களோடும் ஒப்பிடப்படுகின்றன. கிலோகிராமின் சர்வதேச மூலப்படியின் நகல்களுள் 57ஆம் எண் உடையது அந்த ஆய்வுக்கூடத்தில் இந்தியாவுக்கென வைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு மே 20 முதல் கிலோகிராம் ஓர் உலோகத் துண்டைச் சாராமல் பிளாங்க் மாறிலியைச் சார்ந்து வரையறுக்கப்படுகிறது. ஆயினும் மேலிருந்து கீழ்வரை ஒப்பிட்டு வரும் சங்கிலி முன்போலவே தேவை. சிற்றூர் ஆய்வுக்கூடத்தின் எடைக்கல் இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி. வெறுங்கையால் தொட்ட எடைக்கல்லில் அக்கண்ணி அற்றுப்போகின்றது.

பழுது நீங்கித் திரும்பும் கருவியில் ஒரு சீட்டுக் கட்டப்பட்டிருக்கும். பலர் அதைப் பிரித்தெறிந்துவிட்டுக் கருவியை உடனே வேலையில் இறக்குகின்றனர். சீட்டில் வந்த நிலை அளவு, சென்ற நிலை அளவு, சோதித்த நாள் ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். இல்லையேல் கேட்டுப் பெறுதல் வேண்டும். இரண்டாவது அளவைக் கருவிப் பதிவேட்டில் எழுதி வைத்து, பயணத்தில் ஏதும் பிசகிற்றா என்று கருவியை நிலையத்தில் ஒருமுறை சோதித்த பின்னரே பயன்படுத்தலாம். முதல் அளவு, பொறுக்கத்தக்க எல்லைக்கு வெளியே இருக்குமானால், அதை அன்றே மருத்துவ அலுவலருக்குத் தெரிவித்தல் வேண்டும். எல்லைக்குச் சற்றுக் கீழே அழுத்தம் குறிக்கப்பட்டவர்களையும், ‘கிருமி இல்லை’ என்று அனுப்பப்பட்டும் இருமல் நிற்காதவர்களையும் மறுபடி அழைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அவர்கள் பெயரும் ஊரும் நிலையத்தின் நோயாளர் பதிவேட்டில் உள்ளன.